மலாவி கிராமத்தில் தாய்–சேய் நலப் பணி: புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலாவிக்குக் கிளம்புகிற செவிலியர்கள், சத்துணவு படித்த பிள்ளைகள், தொண்டு நிறுவனத்தில் ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள் என்று சிலர் அவ்வப்போது என்னிடம் கேட்பதுண்டு, போனதும் என்ன செய்யணும் என்று. என் பதில் எப்போதும் ஒன்றுதான். முதல் மாதம் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், நடுராத்திரியில் வலி வந்தால் 'சரி, கிளம்பு' என்று சொல்வது யார் என்பதை மட்டும் கவனியுங்கள். கர்ப்பிணிக்குத் தெரியாத விஷயம் அங்கே குறைவு. அவள் கையில் இல்லாத முடிவுகள்தான் அதிகம்.

இன்னொன்று. ஆப்பிரிக்கக் கிராமம் என்றதும் எல்லாருக்கும் குடிசையில்தான் பிரசவம் என்று நினைத்துக்கொண்டு போகிறோம். 2015–16இல் எடுத்த நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி மலாவியில் நூற்றுக்கு 91 பிரசவம் சுகாதார நிலையத்திலோ ஆஸ்பத்திரியிலோதான் நடந்தது. கிராமப்புறமே பெரும்பகுதியாக இருக்கிற நாட்டுக்கு இது சாதாரண விஷயமில்லை. அப்படியும் அதே கணக்கெடுப்பில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 439 தாய்மார் வீதம் இறந்தார்கள். உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 27 முதல் மாதத்தைத் தாண்டவில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 37 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள் பரிசோதனைக்கு வந்தவர்கள் நாலில் ஒருத்தி மட்டுமே.

ஆக, 'ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்' என்று மைக் பிடித்துச் சொல்லும் வேலை அங்கே முடிந்துவிட்டது. முன்கூட்டியே வர வைப்பது, வருவதற்கு முந்தைய மாதங்களில் தட்டில் என்ன விழுகிறது, பிள்ளையோடு வீடு திரும்பிய முதல் வாரத்தில் என்ன நடக்கிறது என்பவைதான் மீதி வேலை.

முதலில் நாட்காட்டி

மழை நவம்பரில் பிடித்து ஏப்ரல் வாக்கில் விடும். மக்காச்சோள அறுவடை ஏப்ரல், மே. போன வருடத்து தானியம் பல வீடுகளில் டிசம்பர், ஜனவரியிலேயே தீர்ந்துவிடும். அதிலிருந்து அறுவடை வரை பசிக்காலம். ஊரில் ஞ்சாலா என்பார்கள். வயலில் குனிந்து களை எடுக்கிற வேலை மிக அதிகமாக இருப்பதும், கொசுவும் மலேரியாவும் ஏறுவதும் இதே மாதங்கள்தான். ஆற்றில் வெள்ளம் வந்து பாதை துண்டிக்கப்படுவதும் அப்போதுதான்; 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் தெற்கு மாவட்டங்களை என்ன பாடு படுத்தியது என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஜனவரியில் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருக்கிறவளுக்கு எல்லாம் ஒன்றாக வந்து விழுகிறது.

நான் இதைத் தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன். முதல் சமையல் செய்முறையைப் பிப்ரவரியில் வைத்தேன். முட்டை, எண்ணெய், தக்காளி எல்லாம் டவுனிலிருந்து நானே வாங்கிப் போனேன். நன்றாகத்தான் நடந்தது, பெண்கள் பாடினார்கள், கை தட்டினார்கள், பானையை வழித்துச் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது ஒரு கிழவி, அடுத்த வாரத்துக்கான முட்டையை எப்போது கொண்டுவருவேன் என்று விசாரித்தாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். நான் செய்து காட்டியது சமையல் இல்லை, விருந்து.

அதனால் கூட்டம் கூட்டுகிற வேலை, சேமிக்கிற வேலை, கீரை காயவைக்கிற வேலை எல்லாவற்றையும் ஏப்ரலிலிருந்து ஆகஸ்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உலர்த்திய கீரைக்கு அங்கே ம்ஃபுட்சோ என்று பெயர். பாட்டிகளுக்கு அது கைவந்த கலை. பசிக்காலத்தில் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, எடை குறைகிறவர்களைக் கண்டுபிடிப்பது மட்டும் போதும்.

யாரை எந்த வரிசையில் பார்ப்பது

மாவட்ட சுகாதார அலுவலகம் முதலில். அடுத்து அந்தப் பகுதியின் சுகாதார நிலையம். அப்புறம் எச்.எஸ்.ஏ. என்று எல்லாரும் அழைக்கிற கிராம சுகாதாரக் கண்காணிப்பு உதவியாளர். ஆயிரம் பேருக்கு ஒருவர் என்பது அரசின் கணக்கு. நிஜத்தில் ஒருவர் தலையில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். தடுப்பூசி, குழந்தை எடை, கழிப்பறை, காலரா எல்லாமே அவர் வேலை. சைக்கிள் பஞ்சரோடு நிற்பவரிடம் போய் நம் திட்டத்துக்கு இன்னொரு பதிவேடு எழுதச் சொல்லாதீர்கள். அவருடைய பதிவேட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்கு வேண்டியதில் பாதி அதிலேயே கிடைக்கும்.

அதன் பிறகு ஊர்த்தலைவர், ம்ஃபூமு. அவர் அனுமதி இல்லாமல் ஒரு வீட்டு வாசலையும் மிதிக்கக் கூடாது. தலைவர் பெண்ணாகவும் இருப்பார். பெண் தலைவர்கள் நிறைய உண்டு. பெண்கள் இடுப்பில் சிட்டென்ஜே துணியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லும்போது முழங்கால் மடக்க வேண்டும். நமக்கு இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை; பெரியவர் முன் உட்காரும் தோரணை தெரிந்தவர்கள்தானே.

வீட்டு வாசலில் நின்று "ஓடி!" என்று குரல் கொடுக்க வேண்டும். 'உள்ளே வரலாமா' என்று பொருள். உள்ளிருந்து "ஓடினி" என்று பதில் வந்தால் போகலாம். தமிழ்க் காதுக்கு முதல் வாரம் சிரிப்பாக இருக்கும். "மூலி ப்வான்ஜி" என்று நலம் விசாரித்துவிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அவர்கள் திருப்பி விசாரித்த பிறகுதான் விஷயத்துக்கு வரலாம். "சிகோமோ" நன்றிக்கும் வணக்கத்துக்கும் மன்னிக்கவும் என்பதற்கும் ஆகும். உங்களை ம்வென்யே என்பார்கள், அதாவது இந்தியர். அங்கே இந்தியர் என்றால் டவுனில் கடை வைத்திருப்பவர் என்றே ஊர் நினைக்கும். என்ன விற்க வந்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் கோபப்படாதீர்கள்.

முடிவெடுப்பவர்கள்: பாட்டியும் தாய்மாமனும்

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள்.

மத்திய, தெற்கு மலாவியின் சேவா, யாவோ, லோம்வே மக்கள் தாய்வழிச் சமூகத்தார். கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டு ஊருக்கு வந்து குடியேறுவது அங்கே வழக்கம். பெண்ணின் குடும்பத்துக்குப் பொறுப்பு அவளுடைய தாய்மாமன், மலூமே. வடக்கே தும்பூகா மக்களிடம் நிலைமை நேர்மாறு. தந்தைவழி, மாமியார் வீடு. தாய்மாமன் இல்லாமல் காது குத்தாத ஊரிலிருந்து போகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நம் ஊரில் மாமனுக்குச் சீர்வரிசைதான் கடமை. அங்கே பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா, செலவுக்கு ஆட்டை விற்கலாமா என்பதிலும் அவர் சொல் எடுபடும். கணவனை மட்டும் கூப்பிட்டு வைத்துப் பேசினால் அவன் தலையாட்டிவிட்டுப் போவான். முடிவு அவனிடம் இல்லாமலிருக்கலாம். எனவே ஒவ்வொரு கர்ப்பிணி வீட்டிலும் முதல் கேள்வியே, உங்கள் வீட்டில் மலூமே யார், எங்கே இருக்கிறார் என்பதாக இருக்கட்டும்.

அடுத்தது அகோகோ, பாட்டி. பிள்ளைக்கு முதலில் வாயில் என்ன வைப்பது, எப்போது தண்ணீர் கொடுப்பது, கர்ப்பிணி எதைத் தின்னக் கூடாது என்பதெல்லாம் அவள் ராஜ்ஜியம். வடக்கு மலாவியில் பிறந்த குழந்தைக்கு டவாலே என்ற மூலிகை நீர் கொடுக்கிற பழக்கம் உண்டு. வெளியிலிருந்து வருகிற திட்டங்கள் பொதுவாக இளம் தாயைக் கூப்பிட்டு, 'ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்' என்று சொல்லி அனுப்பிவிடும். வீட்டுக்குப் போனதும் பாட்டி முன் அந்தப் பெண் என்ன பேச முடியும்? நம் வீட்டில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிற பாட்டியிடம் நாம் எத்தனை பேர் பேசி ஜெயித்திருக்கிறோம்?

வடக்கே இருக்கிற எக்வென்டேனி மிஷன் ஆஸ்பத்திரிக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டு, பாட்டிகளையே கூட்டி அவர்களிடமே பயிற்சியைத் தொடங்கினார்கள். அந்த வழியைப் பின்பற்றுங்கள். பாட்டிகள் கூட்டத்தில் நீங்கள் பேசுவது குறைவாகவும் கேட்பது அதிகமாகவும் இருக்கட்டும். அவர்கள் காலத்தில் பேறுகாலம் எப்படி இருந்தது, எத்தனை பிள்ளைகள் தங்கவில்லை, ஏன் என்று நினைக்கிறார்கள் என்று விசாரியுங்கள். இரண்டாவது கூட்டத்தில் அவர்களே வழி சொல்வார்கள். முட்டை தின்றால் பிள்ளை மொட்டைத் தலையோடு பிறக்கும் என்று சில இடங்களில் ஒரு நம்பிக்கை உண்டு. நீங்கள் சொன்னால் உடையாது. முட்டை தின்று முடியோடு பிள்ளை பெற்ற ஒரு பாட்டி எழுந்து நின்றால் உடைந்துவிடும்.

கர்ப்பத்தைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது

கர்ப்பிணிக்குச் சிச்சேவா மொழியில் 'வொயெம்பெகெசெரா' என்பார்கள், காத்திருப்பவள். வயிறு தெரியும் வரை வெளியில் சொல்வதில்லை. கண் படும், யாராவது சூனியம் வைப்பார்கள் என்ற பயம் ஒன்று. முதல் மாதங்களில் கலைந்துபோனால் ஊர் பேசும் என்பது இன்னொன்று. சில நிலையங்களில் முதல் பரிசோதனைக்குக் கணவனோடு வரச் சொல்வார்கள். அவன் தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போயிருந்தால் இவள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பாள். உங்கள் நிலையத்தில் அப்படி ஒரு நடைமுறை இருக்கிறதா என்று முதல் வாரமே விசாரித்துவிடுங்கள். இருந்தால், தனியாக வருகிறவளைத் திருப்பி அனுப்பாமலிருக்க வழி பேசுங்கள்.

ஊர் நடுவில் 'யாரெல்லாம் முழுகாமல் இருக்கிறீர்கள்' என்று கேட்பது வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு பத்து வீட்டுக்கும் ஒரு நம்பகமான பெண் இருந்தால் தகவல் தானாக வரும். மண் தின்கிற பழக்கத்தையும் கவனியுங்கள். மசக்கையில் நம் பெண்கள் சாம்பலும் மண்ணும் தேடுவதுபோல, அங்கே கரையான் புற்று மண்ணையும் சந்தையில் விற்கிற களிமண் கட்டியையும் தின்பார்கள். திட்ட வேண்டாம். ரத்தசோகை இருக்கக்கூடும் என்று சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போக அது ஒரு நல்ல சாக்கு.

முதல் பரிசோதனையில் என்னென்ன கிடைக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி., சிஃபிலிஸ் பரிசோதனைகள், கொசுவலை, இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை, மலேரியாவுக்கு எஸ்.பி. மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு எஸ்.பி.யை முன்தடுப்பாகக் கொடுப்பதை 1993இலேயே தொடங்கிய நாடு மலாவி. நாலாவது மாதத்திலிருந்து மாதம் ஒருமுறை வீதம், குறைந்தது மூன்று முறை தேவை. எட்டாம் மாதம் வருகிறவளுக்கு மூன்று முறை கொடுக்க நாள் ஏது? சீக்கிரம் வரச் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான காரணம் கிடையாது. பெண்களுக்கும் இது சட்டென்று புரியும். காட்ரைமாக்சசோல் என்ற தொற்றுத்தடுப்பு மாத்திரை சாப்பிட்டு வருகிற எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு எஸ்.பி. கொடுக்கக் கூடாது. இதெல்லாம் செவிலியர் முடிவு. ஆனால் உங்களுக்குத் தெரிந்திருந்தால் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

எச்.ஐ.வி. பற்றி ஒரு வார்த்தை. தொற்றுள்ள கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும், ரத்தத்தில் எதிர்ப்பு அணுக்கள் எவ்வளவு என்று பார்க்காமல், ஆயுள் முழுக்க மருந்து என்ற முறையை 2011இல் உலகிலேயே முதலில் கொண்டுவந்தது இந்த ஏழை நாடுதான். மருந்து சாப்பிடுகிற தாய் பால் கொடுக்கலாம்; கொடுக்க வேண்டும். அவளைத் தனியாகப் பிரித்து அறிவுரை சொல்வது ஊருக்கே அறிவிப்பதற்குச் சமம்.

பானைக்குள் என்ன

உணவு என்றால் அங்கே ன்சிமா. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிளறிக் கெட்டியாக எடுப்பது. நம் களிக்கு உறவுக்காரன். தொட்டுக்கொள்ளக் கீரையோ பீன்ஸோ மீனோ இருந்தால் அது ன்டிவோ. ன்சிமா சாப்பிடாதவரை சாப்பிட்டதாகவே கணக்கில்லை.

வெள்ளை மாவுக்கு மக்காச்சோளத்தின் தோலையும் முளையையும் குத்திக் களைந்து, ஊறவைத்து, காயவைத்து அரைப்பார்கள். சத்து பாதி அங்கேயே போய்விடும். முழுதாக அரைத்த மாவுக்கு ம்கைவா என்று பெயர். பசிக்காலத்து மாவு, இல்லாதவர் மாவு என்ற பேர் அதற்கு. புதிதாகப் போகிறவர்கள் எல்லாரும் ம்கைவாவுக்காகச் சண்டை போடுவார்கள். நான் போட மாட்டேன். விருந்தாளிக்குக் கேழ்வரகுக் களி போடுவதை நம்மவர்கள் எத்தனை காலம் கௌரவக் குறைவாக நினைத்தார்கள்? ன்சிமா வெள்ளையாகவே இருக்கட்டும். காலைக் கஞ்சிக்கு மட்டும் ம்கைவா என்றால் யாரும் மறுப்பதில்லை. மீதிச் சண்டையை ன்டிவோவில் போடலாம்.

மலாவி அரசு உணவை ஆறு பிரிவாகப் பிரிக்கிறது: மாவுப் பொருள், காய்கறி, பழம், பயறும் கொட்டையும், விலங்குணவு, கொழுப்பு. சுவரில் படம் தொங்கும். படத்தைக் காட்டி வகுப்பெடுப்பதைவிட, ஒரே பானையில் மூன்று பிரிவு எப்படி வரும் என்று பாருங்கள்.

பூசணி இலை எடுத்துக்கொள்வோம். தண்டின் நாரை நுனியிலிருந்து இழுத்தால் இலையின் முதுகு வரை உரிந்து வரும். பெண்கள் பேசிக்கொண்டே பார்க்காமல் செய்வார்கள். நறுக்கிய இலையைத் தக்காளி, உப்போடு கொஞ்சமான தண்ணீரில் வேகவிடுவார்கள். உரலில் இடித்த பச்சை நிலக்கடலைப் பொடி, ன்சின்ஜிரோ, ஒரு கைப்பிடி மேலே தூவப்படும். முதலில் பால் பொங்குவதுபோல நுரைத்து ஏறும். அகப்பையால் கிளறிக்கொண்டே இருந்தால் கால் மணி நேரத்தில் அடங்கிக் கெட்டியாகி, ஓரத்தில் எண்ணெய் தெளிந்து நிற்கும். அந்த வாசனை தெரு முனை வரை வரும். கீரை, பயறு, கொழுப்பு மூன்றும் வந்தாயிற்று. கர்ப்பிணி தட்டில் இன்னொரு அகப்பை விழ வைப்பதுதான் உங்கள் வேலை. கீரையில் சோடாவோ சாம்பல் வடிநீரோ போட்டு மசிக்கிற பழக்கம் உண்டு; வழுவழுப்பான வெண்டைக்கு அது ருசி, மற்றக் கீரைக்கு வேண்டாம், வைட்டமின் கெடும் என்று சொல்லிவைக்கலாம்.

நிலக்கடலையில் ஒரு ஆபத்து. அறுவடையில் நல்ல பருப்பு விற்பனைக்குப் போய்விடும். சுருங்கியதும் பூசணம் பிடித்ததும் வீட்டுக்கு. அவைதான் இடித்துப் பொடியாகின்றன, பொடியில் பூசணம் கண்ணுக்குத் தெரியாது. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வேகவைத்தாலும் போகாது. பொறுக்கி எறிவதை ஒரு வேலையாகவே கற்றுக்கொடுங்கள். எறிந்ததைக் கோழிக்கும் போடக் கூடாது.

நமக்குத் தெரிந்த இரண்டு பேரை அங்கே சந்திப்பீர்கள். சம்வம்பா என்று அவர்கள் சொல்வது நம் முருங்கை. நன்டோலோ என்பது துவரை. தெற்கே மக்காச்சோளத்துக்கு இடையில் ஊடுபயிராக நிற்கும். மக்காச்சோளத் தட்டை காய்ந்தபின்னும் இது பச்சையாக நின்று, ஜூலைக்கு மேல் காய் கொடுக்கும். நம் சாம்பாரில் கொதிக்கிற பருப்பில் கொஞ்சம் மலாவியிலிருந்தும் வருகிறது. ஆண்டுக்கு 50,000 டன் வாங்குவதாக 2021இல் இந்தியா ஒப்பந்தமே போட்டது. விலை நன்றாக இருக்கிற வருடம் வீடு மொத்தத்தையும் விற்றுவிடும். ஒரு மூட்டையாவது ஜனவரிக்கு நிற்கட்டும் என்று அறுவடை நேரத்திலேயே மலூமேயிடமும் கணவனிடமும் பேசுங்கள். இந்த ஒரு பேச்சு பத்து சமையல் வகுப்புக்குச் சமம் என்பது என் அபிப்பிராயம். முருங்கையைப் பொடியாக்கி டப்பாவில் விற்கிற ஆசை மட்டும் வேண்டாம். பறித்துக் கீரையோடு போட்டால் போதும். துவரையும் நிலக்கடலையும் சேர்த்து விதைப்பதை எக்வென்டேனி பக்கம் 2000த்திலிருந்து விவசாயிகளே செய்து பார்த்துப் பரப்பியிருக்கிறார்கள், மண்ணும் தேறுகிறது.

ஏரி மீனில் உசிப்பா என்ற பொடிக் கருவாடு மலிவு. தலையோடும் முள்ளோடும் இடித்துக் கஞ்சியில் ஒரு கரண்டி போடலாம். கோழியும் ஆடும் சேமிப்பு. 'வாரம் ஒரு கோழி அடியுங்கள்' என்று சொன்னால் வங்கியை உடைக்கச் சொல்கிற மாதிரி. முட்டை கேட்கலாம், தரலாம்.

கர்ப்பிணிக்குத் தினம் ஒரு சிறு வேளை கூடுதல்; பால் கொடுக்கிறவளுக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்க வேண்டாம். மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே மாத்திரை கூரையில் செருகப்பட்டுவிடும்.

குறித்த நாளுக்கு முன்

ஏழாம் மாதத்துக்குள் நாலு பதில் வேண்டும்: எந்த ஆஸ்பத்திரி, யார் கூடப் போவார், எப்படிப் போவது, காசு எங்கே. ஊர்களில் கபாசா என்ற வாடகை சைக்கிள் ஓடும். வலியோடு அதில் உட்காருவதை நினைத்துப் பாருங்கள். மழையில் அதுவும் ஓடாது. அதனால்தான் ஆஸ்பத்திரி அருகில் காத்திருப்பு இல்லங்கள் கட்டினார்கள். ஜாய்ஸ் பண்டா அதிபராக இருந்தபோது 2012இல் தொடங்கிய தாய்மை நலத் திட்டத்தில் இது வேகம் பிடித்தது. ஆனால் அங்கே படுக்க இடம் உண்டு, சோறு பெரும்பாலும் கிடையாது. மாவு, விறகு, பானை, கூட ஒரு துணை எல்லாம் வீட்டிலிருந்து வர வேண்டும். மூன்று வாரம் இவள் போய்விட்டால் மூத்த பிள்ளைகளுக்கு யார்? களை யார் எடுப்பது? பதில் இல்லாததால்தான் பெண்கள் கடைசி நாள் வரை வீட்டில் நிற்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம். போகிற வழிதான் செலவு. பேங்க் ம்கொன்டே என்ற திண்ணைச் சீட்டுக் குழுக்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதில் கர்ப்பிணிக்கென்று ஒரு தனி உண்டியலை வைக்கச் சொல்லுங்கள்.

பையில் சிட்டென்ஜே மூன்று நாலு, பிளாஸ்டிக் விரிப்பு, புது பிளேடு, பேசின், சோப்பு, சுகாதாரப் புத்தகம், மாவு. நிலையத்தில் தீர்ந்திருக்கும் என்று எண்ணியே கட்டுவது நல்லது.

வலியைத் துரிதப்படுத்த ம்வானம்பெபோ என்ற மூலிகை குடிக்கிற வழக்கம் பரவலாக உண்டு. கருப்பை மிதமிஞ்சிச் சுருங்கினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. 'குடித்தாயா' என்று அதட்டினால் இல்லை என்பாள். குடித்திருந்தால் செவிலியரிடம் சொல்லிவிடு, யாரும் திட்ட மாட்டார்கள் என்று முன்கூட்டியே பேசுங்கள். திட்டாமலிருக்கச் செவிலியரிடமும் பேசுங்கள்.

அசாம்பா எனப்படும் மருத்துவச்சிகள் பிரசவம் பார்ப்பதை அரசு 2007இல் தடை செய்தது. 2010இல் அதிபர் பிங்கு வா முத்தாரிக்கா தடையை நீக்கினார். அதன் பிறகும் பல தலைவர்கள் வீட்டில் பெற்றால் ஆடு அபராதம், காசு அபராதம் என்று ஊர்க்கட்டு வைத்திருக்கிறார்கள். இந்த அபராதத்தில் எனக்கு உடன்பாடில்லை. வழியிலேயே பெற்றவள் தடுப்பூசிக்குக்கூட வரப் பயப்படுவாள். அசாம்பாவை எதிரியாக்காமல், கர்ப்பிணியை நிலையத்துக்குக் கூட்டிவருகிற துணையாக ஆக்குங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பெண் முதலில் கூப்பிடப்போவது உங்களையா, அவளையா?

ரத்தப்போக்கு, தாங்காத தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, காய்ச்சல், வலி வராமல் நீர் உடைதல், பிள்ளை அசைவு குறைதல், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிரசவ வலி: இவற்றில் ஒன்று வந்தாலும் யாரிடமும் அனுமதி கேட்காமல் கிளம்பலாம் என்ற சம்மதத்தை மலூமேயிடம் முன்பே வாங்கி வையுங்கள்.

முதல் வாரம்

பிறந்ததும் துடைத்து, தாயின் வெறும் மார்பில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பால். சீம்பால் கொட்டக் கூடாது. ஒரு நாளாவது குளிப்பாட்ட வேண்டாம். தொப்புளில் சாணி, எண்ணெய், சாம்பல் எதுவும் கூடாது. நிலையத்தில் மருந்து கொடுத்தால் அது மட்டும். பெரும்பாலும் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதனால் முதல் நாள், மூன்றாம் நாள், வாரம் முடியும்போது என மூன்று முறை யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

குறைமாதப் பிள்ளைகள் அங்கே மிக அதிகம். 2010ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டில் மலாவியில் நூற்றுக்கு 18 பிள்ளைகள் குறைமாதம்; உலகிலேயே அதுதான் உச்சம். பிள்ளையை வெறும் மார்போடு சேர்த்துக் கட்டி வைக்கிற கங்காரு முறை மலாவியில் 1999இல் சோம்பா ஆஸ்பத்திரியில் தொடங்கியது. 2021இல் வெளியான ஐந்து நாட்டு ஆய்வில் மலாவியும் இந்தியாவும் இருந்தன. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோ வரை உள்ள பிள்ளைகளைப் பிறந்தவுடனேயே மார்போடு கட்டினால், இறப்பு நாலில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் வீட்டில்? சிட்டென்ஜேயில் பிள்ளையை முதுகில் கட்டுவதுதான் வழக்கம். முன்பக்கம் கட்டிக்கொண்டு நடக்கிற பெண்ணை ஊர் உற்றுப் பார்க்கும், பிள்ளை ரொம்பச் சின்னது என்று தெரிந்துவிடும். எனவே பாட்டியையும் கட்டச் சொல்லுங்கள், அப்பாவையும். தாய் தண்ணீர் எடுக்கப் போகும்போது பிள்ளை பாட்டி மார்பில் இருக்கட்டும். பாட்டி கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் யார் சிரிப்பது?

பால் குடிக்க மறுப்பது, உடம்பு சில்லிடுவது அல்லது கொதிப்பது, வேகமூச்சு, நெஞ்சு உள்வாங்கல், வலிப்பு, உள்ளங்கால் மஞ்சள், தொப்புளில் சீழ் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே நிலையம்.

ஆறு மாதத்துக்குப் பின் கஞ்சி

கஞ்சிக்கு பாலா என்று பெயர். பெயரில் மட்டும்தான் பால். பெரும்பாலும் மாவும் தண்ணீரும், அதுவும் குடிக்கிற பதத்தில். கரண்டியைச் சாய்த்தால் உடனே வழியாமல் நிற்க வேண்டும். இந்த ஒரு சோதனையைத் தாய்மார் நன்றாக நினைவில் வைத்துக்கொள்வார்கள். லிகுனி பாலா என்ற கலவையில் நாலு பங்கு மக்காச்சோளம், ஒரு பங்கு சோயா. சோயாவைப் பச்சையாக அரைக்கக் கூடாது. வேகவைத்துத் தோல் நீக்கிக் காயவைத்து, அப்புறம் ஆலைக்கு. குழந்தைக்குத் தனிக் கிண்ணம் வேண்டும். பொதுத் தட்டில் கை விட்டால் ஜெயிப்பது மூத்ததுகள்தான்.

மேல்கைச் சுற்றளவு நாடாவில் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடுமையான ஊட்டக்குறைவு. கஞ்சி போதாது, நிலையத்துக்கு அனுப்புங்கள். சிபொன்டே என்கிற நிலக்கடலை மருந்துணவைக் கொடுப்பார்கள். வீட்டில் வைத்தே கொடுக்கிற இந்தச் சிகிச்சையை மார்க் மேனரி என்ற குழந்தை மருத்துவர் 2001இல் மலாவியில்தான் சோதித்துக் காட்டினார்.

குழுவை நடத்துவது

இரண்டு வடிவம் உண்டு. ஒன்று, 1995இல் பக்கத்து நாடான மொசாம்பிக்கின் காசா மாகாணத்தில் பிறந்த கேர் குரூப்: பத்துப் பதினைந்து முன்னணித் தாய்மார் கூடிக் கற்று, ஒவ்வொருவரும் தன் பங்குக்குப் பத்துப் பதினைந்து வீட்டுக்குப் போவார்கள். இன்னொன்று பெண்கள் குழு: பிரச்சினையை அவர்களே எடுத்து, தீர்வையும் அவர்களே யோசித்து, செய்து பார்த்து, சரியா என்று பேசுவது. மலாவியின் ம்சின்ஜி மாவட்டம் உட்பட நாலு நாடுகளில் நடந்த ஏழு ஆய்வுகளைச் சேர்த்து 2013இல் பார்த்தபோது, கர்ப்பிணிகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்காவது கலந்துகொண்ட இடங்களில் பச்சிளம் குழந்தை இறப்பு மூன்றில் ஒரு பங்கும், தாய் இறப்பு ஏறக்குறையப் பாதியும் குறைந்திருந்தன. ஆக, எத்தனை கூட்டம் போட்டீர்கள் என்பதைவிட எத்தனை கர்ப்பிணிகள் வந்தார்கள் என்று எண்ணுங்கள். களை எடுக்கிற காலையில் கூட்டம் வைக்காதீர்கள். படிக்காசு கொடுத்துப் பழக்காதீர்கள். நிறுத்திய மாதம் குழு கலையும்.

எதை எழுதி வைப்பது

ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். மாதம் நாலு எண்: தெரிய வந்த புதுக் கர்ப்பிணிகள், அவர்களில் மூன்று மாதத்துக்குள் பரிசோதனைக்குப் போனவர்கள், முதல் வாரத்தில் பார்த்த பிள்ளைகள், இறப்புகள். கடைசி எண் எளிதில் வராது. செத்துப் பிறந்த பிள்ளையையும், ஓரிரு நாளில் போன பிள்ளையையும் ஊர்ச் சடங்கு இல்லாமல் வயதான பெண்களே அமைதியாகப் புதைத்துவிடுவார்கள். பதிவேட்டில் அது ஏறாது. நீங்கள் பல மாதம் பழகிய பாட்டி ஒருத்தி, மற்றவர்கள் எழுந்து போன பிறகு, கடலை உரித்துக்கொண்டே சொல்வாள். அப்போது நோட்டை எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளுங்கள்.